பரவாயில்லை என்று சொன்ன வண்டி

கார் கம்பெனி என்பது கோயில் மாதிரி, ஓர் ஊருக்கு வந்துவிட்டால் திரும்பிப் போகாது என்றுதான் நான் நம்பியிருந்தேன். இத்தனைக்கும் பாபநாசத்தில் உரக்கடை வைத்திருப்பவன். என் கடைச் சுவரில் தொங்கும் பழைய காலண்டர்களில் பாதி, இப்போது இல்லாத கம்பெனிகள் கொடுத்தவை. சாமி படம் இருக்கிறது, கம்பெனி இல்லை. அதைத் தினமும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குக் கார் விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. ஏனென்றால் அது ஜப்பான் கம்பெனி.

ஜப்பான் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் தனி மரியாதை உண்டு. அப்பா காலத்தில் ஜப்பான் முறை நடவு என்று ஒன்று வந்தது. கயிறு பிடித்து, இடைவெளி பார்த்து, வரிசையாக நாற்று நடுவது. அதுவரை மனம் போன போக்கில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் அசந்துபோனார்கள். அதற்குப் பிறகு எந்த ஒழுங்கான காரியத்தைப் பார்த்தாலும் அப்பா, "ஜப்பான் நடவு மாதிரி இருக்கு" என்பார். என் கையெழுத்தைப் பார்த்து மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை.

தஞ்சாவூர் புறவழிச்சாலை ஷோரூமில் வண்டி எடுத்த அன்று, சாவியோடு ஒரு வழவழப்பான புத்தகமும் கொடுத்தார்கள். கம்பெனியின் சரித்திரம். அதை ஆரம்பித்தவர் முதலில் செய்தது காரே இல்லையாம். நெல் வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினாம். அப்புறம் யுத்தம், பட்டறை எரிந்துபோனது, சாம்பலை ஒதுக்கிவிட்டு மூன்று சக்கர வண்டி, அதற்கப்புறம் கார். படிக்கப் படிக்க எனக்குப் புல்லரித்தது. நம்ம ஆள்! சோறு தின்கிறவன், வயலுக்குத் தண்ணீர் இறைத்தவன், நம்மை விட்டு எங்கே போவான்? கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னேன். பட்டறை எரியும் இடத்தில் குரலைத் தாழ்த்துவேன்.

ஒரு நாள் ஒரு விவசாயி கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கதை நல்லாருக்குண்ணே. யூரியா வந்துச்சா, வல்லியா?" என்றார்.

நடந்த கோளாறு புரிய வேண்டுமானால் எங்கள் ஊர் 'பரவாயில்லை'யை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். டெல்டாவில் எந்த மனிதனும் தன்னுடையதை நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டான். கண் பட்டுவிடும். களத்தில் நெல் மலை மாதிரி குவிந்திருக்கும். கண்டுமுதல், விளைச்சல் எப்படி என்று கேட்டால், வாயைக் கோணிக்கொண்டு "ஏதோ, பரவாயில்லை" என்பான். என் அக்கா புருஷனுக்கு, அதாவது அத்தானுக்கு, திருவிடைமருதூர் பக்கத்தில் வாய்க்கால் ஓரமாகத் தலைமடை வயல் ஒன்று உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அதுதான். அந்த மண்ணில் குச்சியை ஊன்றினால் குச்சியும் கதிர் விடும். அத்தான் அதைப் பற்றி என் காதுபடச் சொன்ன அதிகபட்சப் புகழ்ச்சி, பரவாயில்லை.

அதே சொல்லுக்கு நேர் எதிரான உபயோகமும் உண்டு. பெண் பார்த்துவிட்டு வந்தவன் "பரவாயில்லை" என்றால் வேறு பெண் பார்க்க வேண்டும். என் கடையிலேயே ஒரு பூச்சி மருந்தைப் பற்றி நான் "பரவாயில்லை" என்றால், பூச்சி செத்தாலும் சாகாவிட்டாலும் என்னிடம் வராதே என்று பொருள். எது எந்தப் பரவாயில்லை என்பது முகத்தையும் இழுவையையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியது. நாங்கள் அதில் தப்பே செய்வதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் சர்வீஸ் முடிந்த மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

"சார், எங்க சர்வீஸ்ல நீங்க எந்த அளவுக்குத் திருப்தியா இருக்கீங்க?"

வண்டி அப்போது தேர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அதனால், "பரவாயில்லைம்மா" என்றேன்.

"சாரி சார், அந்த ஆப்ஷன் இல்ல. ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"ஏழு போட்டுக்க."

"என்ன சார் குறை?"

"குறையே இல்லம்மா. அதனாலதான் ஏழு."

"குறை இல்லன்னா பத்து போடலாமே சார்?"

"பத்துன்னு வாயால சொன்னா நாளைக்கே ரிப்பேராயிடும்மா."

மறுமுனையில் தட்டச்சு செய்யும் சத்தம் நின்றது. இதற்கும் ஆப்ஷன் இல்லை போலிருக்கிறது.

மறுநாள் ஷோரூமின் சர்வீஸ் மேனேஜர் ஸ்வீட் பாக்ஸோடு என் கடைக்கே வந்துவிட்டார். வியர்த்திருந்தார். "சார், ஏழுன்னா எங்களுக்கு ஃபெயில் சார். இது ஜப்பான் வரைக்கும் போயிடும்."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஜப்பானில் ஒரு நீண்ட மேஜை, அதைச் சுற்றிக் கோட்டுப் போட்ட பெரியவர்கள், 'பாபநாசத்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லையாம்' என்று தலை குனிந்து உட்கார்ந்திருக்கிற மாதிரி கற்பனை செய்துகொண்டேன். நான் இனிப்பைத் தின்றுகொண்டே, "நான் பரவாயில்லைன்னுதாங்க சொன்னேன்" என்றேன்.

"ஐயோ, அத மட்டும் சொல்லாதீங்க சார். நல்லாருக்குன்னு சொல்லுங்க, நல்லா இல்லன்னு வேணாலும் சொல்லுங்க."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக நல்ல யோசனை அது. பாக்ஸைக் காலி செய்ததோடு சரி.

இரண்டாம் வருஷம், கும்பகோணம் சாலையில் வைக்கோல் ஏற்றிவந்த டிராக்டர் உரசி ஓட்டுகிற என் பக்கத்து சைடு மிரர் கண்ணாடி உடைந்தது. ஷோரூமில், "பார்ட் மேலேருந்து வரணும் சார்" என்றார்கள். மேலே என்றால் சென்னையா, ஜப்பானா, ஆகாயமா என்று சொல்லவில்லை. அந்தக் கண்ணாடி வருவதற்குள் சம்பா நட்டு, களையெடுத்து, அறுத்தே முடித்துவிட்டார்கள். அதுவரை ஒரு சாதாரணக் கண்ணாடியை டேப் போட்டு ஒட்டி ஓட்டினேன். வண்டியில் ஏறுமுன் மனைவி அதில் பொட்டைச் சரிசெய்துகொள்வாள். அடுத்து ஏசி இடது பக்கம் மட்டும் வந்தது. நான் வியர்த்துக்கொண்டு ஓட்ட, அவள் சால்வை போர்த்திக்கொண்டு வந்தாள். அதற்கும் பார்ட் மேலேயிருந்துதான் வர வேண்டியிருந்தது.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? பட்டறை எரிந்த கதையை ஊர் முழுக்கச் சொன்னவன் நான். எங்கள் வட்டாரத்தில் அதே கம்பெனி வண்டி வைத்திருந்தவர்கள் கைவிரல்களில் அடங்குவார்கள். எதிரெதிரே வந்தால் லைட்டை மினுக்கிக்கொள்வோம். பெட்ரோல் பங்க்கில் பார்த்தால், "நம்ம வண்டிக்கென்ன!" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வோம். அத்தனை பேரும் பார்ட்டுக்காகக் காத்திருந்தவர்கள் என்பது, எல்லாம் முடிந்த பிறகு தெரிந்தது. வண்டி வைத்திருக்கிறவர்களின் திருப்தியை வைத்து யாராவது கணக்கெடுத்தால் எங்களிடம் வரக்கூடாது. அடமானம் வைத்து வாங்கிய பொருளைப் பற்றி எவன் உண்மை சொல்வான்?

அந்தச் சமயத்தில்தான் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மணமகனுக்குச் சிங்கப்பூரில் வேலை. அவன் வீடு திருவையாற்றுப் பக்கம். "நாங்க எதையும் கேக்கலிங்க. ஒரு வண்டி மட்டும் நிக்கட்டும், நாலு பேரு பாக்கணும்ல?" என்றார் அவன் அப்பா. கேட்பது வரதட்சிணை; சீர் என்று பெயர் வைத்துவிட்டால் சட்டத்துக்குக் காது கேட்காது. அந்தப் பையன் சிங்கப்பூரில் ரயிலில்தான் வேலைக்குப் போகிறான் என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நானும்தான். தாய்மாமன் என்ற பெருமையில் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தியில் அத்தான் எனக்குப் பக்கத்து இலை. எதிர் வரிசையில் என் மாதிரியே அந்த வண்டி வைத்திருக்கும் வாத்தியார் ஒருவர். அத்தான் சாம்பாரைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"மச்சான், உன் வண்டி எப்படி?"

வாத்தியார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இன்னும் நாலு பேர் பார்த்தார்கள். கண்ணாடியில் ஒட்டிய டேப் என் கண்முன் வந்து நின்றது. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை, பொய் சொல்லவும் மனம் வரவில்லை.

"பரவாயில்லை அத்தான்" என்றேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், அது பூச்சி மருந்துப் பரவாயில்லை. 'வா'வை இழுத்து, உதட்டைப் பிதுக்கித்தான் சொன்னேன். ஆனால் அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிறவன் என் இலையில் பாயசத்தை ஊற்றினான். பால் பாயசம். என் முகம் மலர்ந்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் அத்தான் போன் செய்தார். "உன் வண்டியையே எடுத்துட்டேன் மச்சான். உன்ன நம்பித்தான்."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "என்ன கலர் அத்தான்?" என்று கேட்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது அந்தச் செய்தி வந்தது. கம்பெனி நம் நாட்டில் விற்பனையை நிறுத்திக்கொள்கிறது. போனில் அதைப் படித்ததும் நான் செய்த முதல் காரியம், அதை அழித்தது. இரண்டாவது காரியம், மனைவி குளிக்கப் போன நேரத்தில் அவள் போனிலும் தேடி அழித்தது. வெளியே வந்தவள் பார்த்துவிட்டாள்.

"எங்க அண்ணன் அனுப்பிட்டாரு, உங்க அக்கா அனுப்பிட்டாங்க, பால்காரர்கூட அனுப்பிட்டாரு. எத்தன பேரு போன்ல போயி அழிப்பீங்க?"

எனக்கு நெஞ்சை அடைத்தது. நிஜமாகவே இடது பக்கம் வலித்தது. "ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?" என்றாள்.

"எதுல?"

"நம்ம கார்லதான்."

வலி நின்றுவிட்டது.

இரண்டு நாள் போனை அணைத்து வைத்தேன். கடை வாசலில் யாராவது காரை நிறுத்தும் சத்தம் கேட்டால் மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஸ்டாக் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். உரக்கடைக்காரன் யூரியா மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பதைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர், சோதனை வந்திருக்கிறது என்று நினைத்து அவரும் என் பக்கத்தில் வந்து குனிந்தார்.

மூன்றாம் நாள் கிளம்பினேன். அந்த வண்டியிலேயே போய் இறங்கினால் வெந்த புண்ணில் ஹாரன் அடித்த மாதிரி ஆகும் என்று பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை. பம்பு எஞ்சினிலிருந்து ஆரம்பித்து, யுத்தம் வழியாக, 'போனவன் திரும்பி வருவான்' என்று முடிப்பதாகத் திட்டம்.

அக்கா வீட்டு வாசலில் புது வண்டி உறை போட்டு நின்றது. ஷோரூமில் கட்டிய ரோஸ் ரிப்பனின் நுனி உறைக்கு வெளியே தொங்கியது. அக்கா என்னைப் பார்த்ததும், "பஸ்ஸுலயாடா வந்தே? உன் காரு என்னாச்சு?" என்றாள். அவள் குரலில் இருந்த பயத்தைக் கேட்டு என் ஒத்திகை பாதி மறந்துபோனது.

அத்தான் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டினார். "அவங்க வீட்லேருந்து போன் வந்துச்சு. இந்த வண்டிய நிறுத்துனா சிரிப்பாங்களாம். வேற வண்டி இல்லன்னா, தேதிய பத்தி யோசிக்கணும்ங்கறாங்க."

"அத்தான், நான் அன்னிக்குப் பரவாயில்லைன்னுதான் சொன்னேன்."

"அதத்தான் நானும் கேக்கறேன். என் தலைமடை வயல் எப்படின்னு நீ கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"பரவாயில்லைன்னு."

"அதுக்கு நீ என்னான்னு புரிஞ்சுப்பே?"

நான் வாசலில் தொங்கிய ரிப்பன் நுனியைப் பார்த்தேன்.

"சொல்லு மச்சான்."

"நல்ல விளைச்சல்னு."

"அப்புறம்?" என்றார். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து அக்கா மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "மாமா, உங்ககிட்ட கம்பெனிக்காரி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டப்ப ஏழுன்னீங்கள்ல? அப்பாகிட்டயும் ஒரு நம்பரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றாள். அந்த ஏழு கதையைச் சொல்லிக் குடும்பத்தையே சிரிக்க வைத்தவன் நான். இப்போது அவள் சிரிக்கவில்லை.

ஷோரூமில் கேட்டிருந்தார்கள், விற்ற வண்டியைத் திரும்ப எடுக்க மாட்டார்களாம். மிஞ்சியது மணமகன் வீட்டில் பேசிப் பார்ப்பது ஒன்றுதான். நானும் அத்தானும் அந்தப் புது வண்டியிலேயே கிளம்பினோம். சும்மா சொல்லக்கூடாது, அற்புதமாகப் போனது. இரண்டு பக்கமும் ஏசி வந்தது. அத்தான்தான் ஓட்டினார்.

மணமகனின் அப்பா வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார், மாடு பார்க்கிற மாதிரி. காபி கொடுத்தார். நான் என் வித்தையை எடுத்தேன். தண்ணீர் இறைக்கும் எஞ்சின், நெல் வயல், யுத்தம், பட்டறை எரிகிற இடம், குரல் தாழ்வு, எல்லாம். அவர் குறுக்கே பேசவேயில்லை. முடிந்ததும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்ல சரித்திரமா இருக்குங்க. ஆனா நாளைக்கு ஒருத்தன் வாசல்ல நின்னு, 'என்ன வண்டி இது, கம்பெனியே ஓடிப்போச்சாமே'ன்னு கேட்டா, அவன உக்கார வச்சு இவ்வளவையும் சொல்லிக்கிட்டிருக்க முடியுமா?"

"வண்டி நல்ல வண்டிங்க" என்றேன். இத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக அந்த வண்டியை நல்லது என்று வாயால் சொன்னேன்.

"இருக்கட்டும்ங்க. வண்டி எங்களுக்கு முக்கியமில்ல. பொண்ணுதான் முக்கியம்." மறுபடி வண்டியைப் பார்த்தார். "ஆனா வாசல்ல நிக்கிறது எங்க பேர்ல நிக்கும் பாருங்க."

அத்தான் எழுந்து கும்பிட்டார். "ஏற்பாடு பண்ணிடறேங்க" என்றார்.

திரும்பும்போது காவிரிப் பாலத்தைத் தாண்டியதும் என்னால் அடக்க முடியவில்லை. "அத்தான், அவன் பம்பு எஞ்சின்ல ஆரம்பிச்ச கம்பெனி. அவ்வளவு சீக்கிரம்..."

"பம்பாவே குடுத்துட்டுப் போயிருந்தா வயலுக்காவது ஆயிருக்கும்" என்றார்.

பாபநாசத்தில் என்னை இறக்கிவிட்டார். கதவைச் சாத்தப் போனவன், குனிந்து, "என்மேல கோவமா அத்தான்?" என்று கேட்டேன்.

ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "பரவாயில்லை" என்றார்.

முகத்தைப் பார்த்தேன். இழுவையை மனதுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கும் சொல்லிப் பார்க்கிறேன்.

கல்யாணம் நின்றுவிடும், ஊரே என்னைக் காட்டிப் பேசும் என்று அந்த மாதம் முழுக்க நான் தூங்காமல் கிடந்ததெல்லாம் வீண். கல்யாணம் குறித்த தேதியில் திருவிடைமருதூரில் நடந்தது. மாமன் முறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், மாலை போட்டார்கள், போட்டோவில் நிற்க வைத்தார்கள். அத்தான் என்னோடு அந்தப் 'பரவாயில்லை'க்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா பேசினாள், அளந்து.

வேறு கம்பெனி வண்டி ஒன்று மணமகன் வீட்டு வாசலில் நிற்கிறது. பையன் சிங்கப்பூரில் இருப்பதால் அதை யாரும் எடுப்பதில்லை. போன முறை பார்த்தபோது பேட்டரி செத்துக் கிடந்தது. அந்த வண்டியை வாங்க அத்தான் தலைமடை வயலை விற்றார். ஜப்பான் வண்டியை அவரே ஓட்டுகிறார். அது இதுவரை ஒரு தடவைகூட நின்றதில்லை.